விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டில்: செலவில்லாத சில விளையாட்டுகள்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் பகுதி வீடுகளில் முதலில் எழும் கேள்வி "வாப்பா, எங்க போற?" என்பதுதான். ஐந்து பேர் கொண்ட குடும்பமொன்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி நகருக்குச் சென்று, பிள்ளைகளைக் கட்டணம் செலுத்தும் விளையாட்டிடமொன்றில் விட்டு, ஏதாவது சாப்பிட்டு, முச்சக்கர வண்டியில் வீடு திரும்பினால் ஒரு நாள் உழைப்பு அப்படியே போய்விடும். அன்றாடம் கூலிக்குச் செல்பவருக்கு அது இரண்டு மூன்று நாள் உழைப்பு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவும் இல்லை.

இதனால் பெற்றோர் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடன்பட்டாவது பிள்ளைகளைக் கூட்டிச் செல்கிறார்கள். இல்லாவிட்டால் கையில் தொலைபேசியைக் கொடுத்து இருத்தி விடுகிறார்கள். மூன்று, ஆறு, ஒன்பது வயதுகளில் மூன்று பிள்ளைகளை உடைய தந்தை என்ற வகையில், இவை இரண்டும் அல்லாத ஒரு வழியைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் வாப்பாவும் உம்மாவும் தரையில் வந்து உட்கார வேண்டும்.

விளையாட்டு வீண் நேரமா?

எங்கள் சமூகத்தில் சிலர் விளையாட்டை வீண் நேரமாகவே பார்க்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் ஸுஜூதில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அந்தப் பிள்ளைக்காக ஸுஜூதை நீட்டினார்கள் என்பதும், அபூ உமைர் என்ற சிறுவனிடம் அவன் வளர்த்த குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள் என்பதும் நாம் அறிந்த ஹதீஸ்கள்தான். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரையும் விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாகக் கூறுகிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது.

திரை விடயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் தெளிவானது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. அதிலும் குறைவது நல்லது.

விளையாட்டுக் கூடை

பெட்டரி கார் ஒன்று வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் மூலையில் கிடக்கும். அந்தக் கார் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். அதைப் பார்த்து முடித்த பிள்ளைக்கு அதில் மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓர் அட்டைப்பெட்டி இன்று பஸ், நாளை கடை, மறுநாள் வீடு. சைமன் நிக்கல்சன் என்ற பிரித்தானியக் கலைஞர் 1971இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிப் பொருட்கள் எவ்வளவு அதிகமோ, பிள்ளையின் கற்பனைக்கும் அவ்வளவு இடமுண்டு என்பது அவருடைய கருத்து.

எனவே எங்கள் வீட்டில் ஒரு கூடை வைத்திருக்கிறோம். நன்றாகச் சுரண்டிய சிரட்டைகள், போத்தல் மூடிகள், வெற்றுத் தீப்பெட்டிகள், முட்டை அட்டை, கயிறு, பழைய சாரம் இரண்டு. இரண்டு கதிரைகளுக்கு மேல் சாரத்தை விரித்தால் கூடாரம். சிரட்டையும் மூடிகளும் இருந்தால் "சோறு கறி" விளையாட்டு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் வாய்க்குள் போகக்கூடிய சிறிய பொருட்களை உயரத்தில் வையுங்கள். நாணயம் போன்ற சிறிய பெட்டரிகள் கூடைப் பக்கமே வரக் கூடாது.

முட்டை அட்டையில் பல்லாங்குழி

சிங்கள அயலவர்கள் புத்தாண்டுக் காலத்தில் விளையாடும் "ஒலிந்த கெலிய" பலருக்குத் தெரிந்திருக்கும். இரு வரிசைகளில் ஏழேழாக 14 குழிகள் கொண்ட பலகையில் விளையாடுவது. தமிழில் பல்லாங்குழி என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒலிந்த என்பது குன்றிமணி. அழகான சிவப்பு விதை என்றாலும் கடித்தால் கடும் நஞ்சு. ஆகவே சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம், புளியங்கொட்டை போதும்.

பலகையும் தேவையில்லை. 30 முட்டை வைக்கும் அட்டையில் ஆறு குழிகள் கொண்ட இரண்டு வரிசைகளை வெட்டி எடுங்கள். ஒவ்வொரு குழியிலும் நான்கு கொட்டைகள், மொத்தம் 48. ஆளுக்கொரு வரிசை, ஆளுக்கொரு சிரட்டை. உங்கள் வரிசையில் ஒரு குழியை முழுதாக அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு சுற்றி வாருங்கள். கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கு அப்பால் உள்ள குழியின் கொட்டைகள் உங்கள் சிரட்டைக்கு, முறை மற்றவருக்கு. ஒருவரின் வரிசை முற்றாகக் காலியானதும் ஆட்டம் முடியும். சிரட்டையில் அதிகம் உள்ளவர் வெற்றியாளர்.

எங்கள் ஆறு வயதுக்காரர் எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று அள்ளுவதற்கு முன்பே விரலால் எண்ணிப் பார்க்கிறார். கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் அவரை இவ்வளவு நேரம் உட்கார வைக்க எங்களால் முடியாது.

சுவரில் நிழல்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். தொலைபேசியிலும் சார்ஜ் இருக்கவில்லை. அன்று பல வீடுகளில் சுவரில் கை நிழலால் முயலும் பறவையும் ஓடின. அதற்கு மின்வெட்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விளக்கை அணைத்து ஒரு டோர்ச்சை ஏற்றினால் போதும். கையை வெளிச்சத்துக்கு அருகில் கொண்டுபோனால் நிழல் ஏன் பெரிதாகிறது என்று கேளுங்கள். பதிலைச் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். உம்மும்மா வீட்டில் இருந்தால் நிழலுக்குக் கதை சொல்லும் வேலையை அவரிடம் ஒப்படைக்கலாம்.

மழையை அளப்போம்

கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை என்றால் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டு விடுவார்கள். அந்த மழையையே விளையாட்டாக்கலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமும் தட்டையான அடியும் கொண்ட உயரமான போத்தலொன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து, பழைய கலண்டரில் பிள்ளை எழுதட்டும். பத்து மில்லிமீற்றர் நீர் என்றால் பத்து மில்லிமீற்றர் மழை. நாளை எவ்வளவு பெய்யும் என்று ஆளுக்கொரு எண் சொல்லி, நெருங்கிச் சொன்னவருக்கு முதல் ரொட்டி.

இந்த விளையாட்டில் ஒரு பெரிய பயனும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் கண்ட மண்சரிவுகள் எல்லோர் மனதிலும் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயார், 150 ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைச்சரிவில் வாழ்வோருக்குக் கூறும் அளவு. வீட்டுப் போத்தல் உத்தியோகபூர்வக் கருவி அல்ல. அறிவித்தல் வந்தால் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனாலும் தினமும் அளந்து பழகிய பிள்ளைக்கு 100 மில்லிமீற்றர் என்றால் என்னவென்று தெரியும். இடி மின்னலின்போது யாரும் வெளியே போக வேண்டாம். அளந்தவுடன் நீரைக் கொட்டிவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு ஒரு போத்தல் நீர் தாராளம்.

நேரம் எங்கே?

கடை வைத்திருப்பவர் வீட்டுக்கு வரும்போது இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும், பிள்ளைகள் தூக்கத்தில். அப்படியானவர்கள் சுபஹுக்குப் பின்னரோ வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின்னரோ அரை மணி நேரத்தை ஒதுக்கலாம். மற்றவர்களுக்கு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வசதி. நாளும் நேரமும் மாறாமல் இருந்தால் பிள்ளை அதற்காகக் காத்திருக்கும். அந்த நேரத்தில் பெரியவர்களின் தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பாமாரும் வீடியோ அழைப்பில் "நான் ஒரு சாமானை நினைச்சிருக்கேன், என்னென்று கண்டுபிடி" என்று விளையாடலாம். "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டு கேள்விகளோடு முடியும் அழைப்பைவிட அது பிள்ளையின் மனதில் நிற்கும்.

இன்னொன்று. இதை உம்மாவுக்கு மேலுமொரு வேலையாக ஆக்கிவிடாதீர்கள். கூடையை எடுத்து வைப்பதும், முடிந்ததும் பொறுக்கி அடுக்குவதும் வாப்பாவினதும் பிள்ளைகளினதும் பொறுப்பு. அந்த அரை மணி நேரம் அவருக்கு ஓய்வாக அமைந்தாலும் நல்லதுதான்.

முதல் நாள் "வீட்டிலேயா?" என்று முகம் சுளிப்பார்கள். பத்து நிமிடம் பொறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். இந்த வாரம் முட்டை வாங்கினால் அட்டையை வீசாமல் வையுங்கள், அது போதும்.