மூச்சில் கலக்கும் நுண்துகள்

மூச்சடக்கி முத்தெடுத்த பரதவரின் தூத்துக்குடியில், துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்தில் எரியும்போது, கண்ணுக்குத் தெரியும் புகையைக் காட்டிலும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய, கண்ணுக்குப் புலப்படாத துகளே சுவாசத்துக்கு அதிக அபாயம் விளைவிப்பதாகும். கொடியில் உலர்த்திய வேட்டியில் படிந்து வீட்டாரிடம் வசவு வாங்கும் கருந்தூள் அத்தனை துஷ்டனல்ல. அதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையுமே தடுத்துவிடும்.

நுண்துகளோ நுரையீரலின் காற்றறைகள்வரை செல்கிறது. அங்கே காவல் நிற்கும் விழுங்கணுக்கள் கிளர்ச்சியுற்று இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் ரசாயனத்தைச் சுரக்க, வயோதிகத்தால் மரபணுப் பிறழ்ச்சி எய்தியும் தீங்கின்றி உறங்கிக் கிடந்த சில உயிரணுக்கள் அவ்வழற்சியில் விழித்துப் பெருகுகின்றன என்பதை, 2023-இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிலையத்தார் எலிகளில் ஆராய்ந்து காட்டினர். புகையிலையையே தீண்டாத மாதர்க்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதன் காரணம் இதனால் ஓரளவு துலங்குகிறது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2013-இலேயே மாசுற்ற வெளிக்காற்றைப் புற்றுநோய்க் காரணிகளில் புகையிலை இருக்கும் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது; ஆபத்தின் அளவில் புகையிலையே பெரிது என்பது வேறு விஷயம். 2018-இல் தூத்துக்குடியின் தாமிர உருக்காலை மூடப்பட்டதும் விசாரம் தீர்ந்ததென்று எண்ணுவது பேதைமை. நிலக்கரி எரிகையில் எழும் கந்தக டை ஆக்சைடும் ஆகாயத்தில் நுண்துகளாக மாறும். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை உப்புக்காற்றின் குற்றமென்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.