வெளி வீதி உள்ளே வந்த கதை

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது மேல வெளி வீதி. லாட்ஜும் கடையும் நெருக்கியடிக்கும் நடு ஊர் அது. பேர் மட்டும் 'வெளி'. ஒரு காலத்தில் ஊர் அந்த இடத்தில் முடிந்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரைத் திறந்துவிட்டார். மதில் போயிற்று, நான்கு திசையிலும் 'வெளி' நின்றுவிட்டது.

'புறநகர்' ஏட்டில் புழங்கும் சொல். பேச்சில் 'அவுட்டர்' என்பார்கள். ஆனால் நகரம் எதையெல்லாம் தனக்கு வெளியே வைத்திருந்தது என்று அறிய ஊர்ப் பெயர்களைத்தான் கேட்க வேண்டும். வைகைக்கு வடகரையில் கோரிப்பாளையம்: பாளையம் என்றால் படை இறங்கும் இடம், கோரி, பாரசீக வழி வந்த சொல், கல்லறை. அங்குள்ள தர்கா அந்தப் பெயருக்குச் சாட்சி. மாட்டுத்தாவணியில் இன்று பேருந்துகள் நிற்கின்றன. மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிறுதான் தாவணி, பிறகு சந்தைக்கும் அதுவே பெயரானது. தல்லாகுளம், பீபீகுளம், மேலமடை எல்லாம் தண்ணீரின் பெயர்கள். 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்கும் உலகனேரியின் பெயரிலும் ஓர் ஏரி இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்த சொல் 'புறஞ்சேரி'. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு பகுதி உண்டு. வைகையைக் கடந்த கோவலனும் கண்ணகியும் நேரே மதிலுக்குள் நுழையவில்லை. அறவோர் வாழ்ந்த புறஞ்சேரியில் தங்குகிறார்கள். அங்கே சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். சோழர் கல்வெட்டுகளில் பிராமணர் குடியிருப்புக்கும் சேரி என்றே பெயர். பின்னால் சாதி அந்தச் சொல்லை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது.

ஆங்கிலத்தின் 'சபர்ப்' எதிர்த்திசையில் போனது. லத்தீனில் நகரை அடுத்த பகுதி என்று பொருள். பழைய லண்டனில் தோல் பதனிடுவோரும் விலைமாதர் விடுதிகளும் ஒதுக்கப்பட்ட இடம் அது. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோட்டமும் காரும் உள்ள வசதியான வீடு. பிரெஞ்சின் 'பான்லியூ' நகர அதிகாரம் செல்லுபடியாகும் சுற்றெல்லையைக் குறித்தது; இன்று பாரிஸில் அதைச் சொன்னால் ஏழைகளின் அடுக்குமாடிகளே பலருக்கும் நினைவுக்கு வரும். ஊர் ஓரத்தில் யாரை வைக்கிறோமோ, அவர்களுக்குத் தரும் மதிப்பே அந்தச் சொல்லிலும் ஏறிக்கொள்கிறது.

2011-இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் முதலியவை மதுரை மாநகராட்சியில் சேர, 72 வார்டுகள் 100 ஆயின. விளிம்பு இப்போது ரிங் ரோட்டைத் தாண்டிவிட்டது. அங்கே முளைக்கும் மனைப்பிரிவுகளுக்கு 'நகர்', 'சிட்டி', 'கார்டன்' என்று பெயர். அந்தப் பெயர்கள் மனையை விற்கும்; நிலத்தைப் பற்றி வாய் திறக்காது. பத்திரத்தில் உள்ள கிராமப் பெயரைப் பாருங்கள். அது குளம், ஏந்தல், மடை என்று முடிந்தால், முன்பணம் கொடுக்குமுன் அடைமழையில் ஒருமுறை போய் நின்று பார்ப்பது நல்லது.