உஷார்! பச்சை விளக்கை நம்பி ஏமாறாதீர்கள்

அடுப்படியில் கேஸ் அலாரம் மாட்டியாயிற்று, பச்சை விளக்கும் எரிகிறது, இனி பயமில்லை என்று இருக்கிறீர்களா? பல அலாரங்களில் அந்த விளக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கரன்ட் வருகிறது. உள்ளே இருக்கும் மூக்கு செத்துப்போனாலும் அது பச்சையாகவே எரியும்!

அந்த மூக்கு, பெரும்பாலும் வெள்ளீய ஆக்சைடு என்ற நுண்துகள் படலம். சுமார் 300 டிகிரி சூட்டில் காற்றின் ஆக்சிஜன் துகள்மேல் ஒட்டி, எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கேஸ் வந்தால் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துபோகும். எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை சரியும், அலாரம் அலறும். துகள் சுமார் 6 நானோமீட்டருக்குச் சிறுத்தால் மோப்பம் எகிறும் என்று ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தார் 1991-ல் காட்டினார்கள். அவ்வளவு சிறுத்தால் துகள் முழுக்கத் தோல்தான், உள்ளே சதையே இல்லை.

ஆபத்தும் அந்தத் தோலில்தான். சிங்க் ஓரத்தில் அடைக்கும் சிலிகோன் சீலன்ட், பளபளப்பு ஸ்பிரே, சில தலைமுடி சீரம்கள்... இவற்றின் ஆவி சூடான துகளில் பட்டதும் சிலிகாவாகப் படிந்துவிடும். சிலிகா வேறொன்றுமில்லை, மணலில் இருக்கும் அதே சரக்கு. மூக்கில் மண் அடைத்த கதை! அடைத்தால் அடைத்ததுதான், துடைத்தாலும் திரும்பாது.

உடனே கவனியுங்கள்:

• சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். அலாரம் தரைக்கு அருகே இருக்கட்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, அதற்குக் கூரையோரம்.

• டெஸ்ட் பட்டன் பல அலாரங்களில் சத்தத்தை மட்டுமே சோதிக்கும். மோப்பத்தைச் சோதிக்க, தயாரிப்பாளர் சொன்ன முறைதான். அடுப்பைத் திறந்துவிட்டுப் பார்க்காதீர்கள்!

• சானிடைசர் ஆவிக்கும் கத்துகிறதே என்று பிளக்கைப் பிடுங்காதீர்கள். கரன்ட் போய் வந்தாலும் சூடேறச் சில நிமிடங்களாகும்.

• காலாவதித் தேதி முடிந்ததா? தூக்கிப் போடுங்கள். அருகில் சீலன்ட் பூசினீர்களா? மோப்பத்தைச் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

கேஸ் நாற்றம் வந்துவிட்டால், 'அலாரம் கத்தவில்லையே' என்று யோசித்து நிற்காதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து, இந்தியாவில் சிலிண்டர் கேஸ் கசிவுக்கான அவசர எண்ணான 1906-ஐ அழையுங்கள். கேஸில் அந்த நாற்றத்தைக் கலப்பதே உங்கள் மூக்குக்காகத்தான்.