கன்றுகளைத் தாக்கும் ரத்தக் கழிச்சல்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கலப்பினக் கறவை மாடு வளர்ப்போர் ஏராளம். 1824-ல் தொடங்கப்பட்ட ஓசூர் கால்நடைப் பண்ணையும் இங்கு மத்திகிரியில்தான் உள்ளது. தொழிற்சாலைகள் பெருகியதால் பாலுக்குக் கிராக்கி உண்டு. மேய்ச்சல் நிலமோ குறைந்துவிட்டது. கன்றுகளை ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டும் கொட்டகைகளில் 'காக்சிடியா' என்ற நுண்ணிய ஒட்டுண்ணி எளிதில் பரவுகிறது.

மூன்று வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள கன்றுகளையே இது அதிகம் தாக்கும். சாணத்தில் வெளியேறும் இதன் முட்டை ஈரத்தில் சில நாட்களில் முதிர்ந்து, தீவனத்துடனோ தண்ணீருடனோ கன்றின் வயிற்றுக்குள் போகிறது. குடல் சுவரின் அணுக்களுக்குள் பெருகி அவற்றை வெடிக்கச் செய்கிறது. இதனால் ரத்தமும் சளியும் கலந்த கழிச்சல் ஏற்படுகிறது. கன்று முக்கி முக்கிக் கழியும். உடல் வற்றிச் சோர்ந்துவிடும்.

பெரிய மாடுகளுக்கு ஏன் இந்நோய் வருவதில்லை? குடல் சுவரில் 'லிம்போசைட்' என்னும் வெள்ளணுக்கள் காவல் இருக்கின்றன. முதல் தாக்குதலின்போது இவை எதிரியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. மறுமுறை வந்தால் இவை சுரக்கும் பொருள்கள் ஒட்டுண்ணி பெருகாமல் தடுக்கின்றன. இளங்கன்றின் குடலுக்கு இந்தப் பழக்கம் இன்னும் ஏற்படவில்லை. சிறிதளவு முட்டை உட்சென்றால் எதிர்ப்புச் சக்தி வளரும். அளவு மீறினால் கன்று தாங்காது. ஒரு வகைக்கு ஏற்பட்ட எதிர்ப்பு மற்றொரு வகைக்கு உதவாது. நோயின்றி நிற்கும் தாய்ப்பசுவின் சாணத்திலும் முட்டைகள் இருக்கலாம்.

ஆகவே கன்றுகளைத் தனியே, உலர்ந்த தரையில் கட்ட வேண்டும். சாணத்தை அன்றாடம் அகற்ற வேண்டும். பினாயில் தெளித்தால் இம்முட்டைகள் சாவதில்லை. வெயிலும் வறட்சியுமே இவற்றைக் கொல்லும். தீவனத்தையும் தண்ணீரையும் தரையில் வைக்காமல் உயரத் தொட்டியில் வைப்பது நல்லது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுவது பொதுவான நோய் எதிர்ப்புக்கு அவசியம்.

வழக்கமான குடற்புழு மருந்து இதற்குப் பயன்படாது. ரத்தம் தெரியும்போது குடல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும். எனவே தாமதிக்காமல் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, ஆம்புரோலியம் அல்லது சல்பா மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். உடன் கட்டியிருந்த கன்றுகளுக்கும் மருந்து தேவையா என்று கேட்டறிய வேண்டும். கழிச்சலால் இழந்த நீரை ஈடுகட்ட உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் புகட்டலாம்.

இன்று இழக்கும் கிடேரிக் கன்று, சுமார் மூன்றாண்டு கழித்துப் பால் தரவேண்டிய பசு என்பதை மறக்கக் கூடாது.