நடக்க வலிக்கிறவர் நடக்கலாமா?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கப்படும் பாதரட்சைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கனவான்களின் கால்களைக் காக்கின்றன. பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட காலந்தொட்டு வளர்ந்த இத்தொழிலில், இன்று பல்லாயிரம் பெண்களும் ஆண்களும் கம்பெனி வண்டியேறி வந்து உழைக்கிறார்கள். தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ முப்பது வருஷம் நின்று உழைத்த ஒருவர், அறுபதாம் வயதில் கடைத்தெருவுக்குப் போகையில் நடுவழியில் நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வாராயின், அவருக்கு ஊரார் சொல்லும் யோசனை ஒன்றே: "வயசாயிற்று, இனி வீட்டோடு இருங்கள்." அன்பினால் சொல்லப்படும் இந்த யோசனையைப் போல் அவருக்குக் கெடுதல் செய்வது வேறில்லை என்பது நமது அபிப்பிராயம்.

வியாதி இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகிப்போகிறது. உட்கார்ந்திருக்கும்போது வருகிற இரத்தம் போதும். நடக்கும்போது தசைக்குப் பன்மடங்கு வேண்டியிருப்பதால் அது போதுவதில்லை. ஆகவே குறிப்பிட்ட தூரம் போனதும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. சில நிமிஷம் நின்றால் விலகுகிறது. மறுபடி ஏறக்குறைய அதே தூரத்தில் பிடிக்கிறது. இந்த ஒழுங்கே நோயின் அடையாளம். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் குத்துகிற வலி வேறு. நின்றாலும் தீராமல், உட்கார்ந்து முன்னே குனிந்தால் தீருகிற முதுகெலும்பு சம்பந்தமான வலியும் வேறு. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும். கணுக்காலின் அளவு, கையின் அளவில் 0.90 பங்குக்குக் குறைவாயிருந்தால் குழாய் அடைபட்டிருக்கிறதென்று கொள்ளலாம். சர்க்கரை வியாதிக்காரருக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடுவதால் இந்த அளவு பொய்ச்சாட்சி சொல்வதுண்டு. அவர்களுக்குக் கால்விரலில் அளந்து பார்ப்பது உசிதம்.

இந்த ஜில்லாக்களில் பீடி சுற்றுவதும் ஒரு ஜீவனம், பீடி குடிப்பதும் ஒரு வழக்கம். கால் இரத்தக் குழாய்க்குப் புகையிலையைப் போன்ற சத்துரு வேறில்லை. நடப்பதோடு புகையையும் விட வேண்டும்.

இனி, நடக்கலாமா என்ற கேள்வி. 1898-லேயே ஜெர்மானிய வைத்தியர் எர்ப், இந்நோயாளிகளுக்கு அப்பியாசம் நல்லதென்று எழுதினார். 1966-இல் டென்மார்க்கு தேசத்து லார்ஸன், லாஸன் என்னும் இருவர் அதைச் சோதனையில் நிரூபித்தார்கள். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையை இவ்வழக்கின் முக்கிய சாட்சியாக நிறுத்தலாம். வயிற்றிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய குழாய்கள் அடைபட்ட 111 பேரைப் பிரித்து, சிலருக்கு அடைப்பினுள் கம்பிவலைக் குழல் வைத்தார்கள். சிலரை வைத்தியசாலையார் மேற்பார்வையில் நடக்கச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நடை இயந்திரத்தில் அதிக நேரம் நடந்தவர்கள் அப்பியாசம் செய்தவர்களே. குழல் வைத்துக்கொண்டவர்கள் தங்கள் நித்திய வாழ்க்கை அதிகச் சுகமாயிருப்பதாகச் சொன்னார்கள் என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் கத்தியும் கம்பியுமின்றி இவ்வளவு சாதிக்கலாமென்றால், ஏழைத் தேசம் அதைக் கவனியாமலிருக்கலாமா?

முறை மிக எளிது. வலி தொடங்கியவுடனே நின்றுவிடாமல், அது ஓரளவு கடுமையாகும் வரையில் நடக்க வேண்டும். பிறகு நின்று, வலி முழுதும் அடங்கிய பின் மறுபடி நடக்க வேண்டும். இப்படி ஓய்வும் நடையுமாக 30 நிமிஷத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரையில், வாரத்தில் மூன்று தினமாவது, குறைந்தது 12 வாரம் செய்ய வேண்டும். அடைப்பு இதனால் கரைந்துவிடுகிறதென்று யாரும் எண்ண வேண்டாம். கணுக்கால் அழுத்தம் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். தூரம் மட்டும் கூடும், இரட்டிப்பாவதும் உண்டு. கிடைக்கிற சொற்ப இரத்தத்தைக் கொண்டு அதிக வேலை செய்யத் தசை கற்றுக்கொள்கிறது. சிக்கனமாய்க் குடித்தனம் நடத்தும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது விளங்காத தத்துவமன்று.

தேசத் தொண்டர்களுக்கு இதில் வேறு படிப்பினையும் உண்டு. 1921-22-இல் வேலூர்ச் சிறையிலிருந்த ராஜாஜி, 1930-இல் தமது 51-வது வயதில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏறக்குறைய 150 மைல் தொண்டர்களுடன் நடந்தார். ஏப்ரல் 13-ந் தேதி புறப்பட்டு 28-ந் தேதி போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்திய மாதம் அறுபது வயதைக் கடந்த காந்தியடிகள் தண்டிக்கு நடந்தது 24 நாளில் சுமார் 240 மைல். இரண்டையும் கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பத்து மைலே வருகிறது. அளவாக நடந்து, தங்கி, மறுநாள் மறுபடி நடந்த நடை அது. இன்றைய பிரமுகர்களில் பலர் ஊர்வலத்தின் தலைப்பில் நூறு கஜம் நடந்துவிட்டு மோட்டாரில் ஏறிக்கொள்வதை நாம் பார்க்கிறோம். அவர்களில் எத்தனை பேருக்குக் கெண்டைக்கால் வலி என்பதை அவர்களே அறிவார்கள்!

வலியை நம்பி நடக்கலாம் என்றோம். வலியே தெரியாதவர் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை வேலூரிலேயே கிடைத்தது. 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, குஷ்டரோகிகளின் பாதம் அழுகி உதிர்கிறதென்ற பழைய எண்ணத்தைத் தகர்த்தார். உணர்ச்சி மரத்த பாதம் ஒரே இடத்தில் ஓயாமல் அழுந்திப் புண்ணாகிறது. வலிக்காததால் அவர் அந்தப் புண்ணின் மேலேயே நடக்கிறார். கெடுதல் முழுதும் அங்கேதான். வேலூரிலும் 1955-இல் திறக்கப்பட்ட கரிகிரி ஆஸ்பத்திரியிலும் நடந்த வேலையின் பயனாக, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு பரவிற்று. சர்க்கரை வியாதியால் பாதம் மரத்தவர்களுக்கும் இதே ஆபத்து, இதே பரிகாரம். இவர்கள் வேலூர் வெயிலில் வெறுங்காலோடு நடப்பதும், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தைப் பாதரட்சையின்றிச் சுற்றுவதும் பக்தியாயினும் விபரீதம். விடியுமுன் நடக்கட்டும், தினம் இரவு பாதத்தை விளக்கடியில் பார்க்கட்டும்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்துக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் தணிகிறவர், ஆறாத புண்ணுள்ளவர், விரல் கறுத்தவர் நடைப் பயிற்சியில் இறங்காமல் இரத்தக் குழாய் நிபுணரிடம் உடனே போக வேண்டும். கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து வலித்தால் மணிக்கணக்கில் கால் போய்விடும்; அன்றிரவே ஆஸ்பத்திரி. மார்வலி உள்ளவர் வைத்தியர் உத்தரவின்றித் தொடங்கலாகாது.

சர்க்கார் 2023-இல் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று ஜில்லாதோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது நல்ல காரியம். ஆனால் இருநூறு கஜத்தில் நின்றுவிடுகிறவருக்கு எட்டுக் கிலோமீட்டர் என்ன பிரயோஜனம்? அவருக்கு வேண்டியது நூறு கஜத்துக்கு ஒரு பெஞ்சு. அமெரிக்க சர்க்காரின் முதியோர் வைத்திய இன்ஷூரன்ஸ் 2017 முதல் இந்நோயாளிகளுக்கு 12 வாரத்தில் 36 முறை மேற்பார்வையுடன் நடைப் பயிற்சிக்குப் பணம் கொடுக்கிறது. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதைத் தொடங்கப் பெரிய மூலதனம் வேண்டாம்: கஜக்கணக்குக் குறித்த ஒரு தாழ்வாரம், ஒரு கடிகாரம், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், கணுக்கால் அழுத்தம் அளக்கும் கருவி. கடல் கடந்த கால்களின் அளவுகளையெல்லாம் அறிந்த ஆம்பூர் முதலாளிகள், தங்களிடம் வேலை செய்து ஓய்ந்தவர்களின் பாதங்களையும் அளந்து, வருஷத்துக்கு ஒரு ஜோடி மெத்தென்ற செருப்புக் கொடுப்பதற்கு எந்தச் சட்டத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.