ஒரு ஏக்கர் தென்னம்பிள்ளை: முதல் வருட வேர்க்கணக்கு

25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு 70 தென்னம்பிள்ளை பிடிக்கும். குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். ஒரு குழியிலிருந்து 27 கன அடி மண் வெளியே வரும்; 70 குழிக்கு 1,890 கன அடி, ஏறக்குறைய 19 யூனிட்.

அத்தனையையும் திருப்பித் தள்ளி மூடிவிடக் கூடாது. மக்கிய தொழுவுரம், செம்மண், மணல் மூன்றையும் சம பங்காகக் கலந்து 2 அடி உயரத்துக்கு மட்டும் நிரப்பச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 2 அடிக்கு 18 கன அடி கலவை. அதில் தொழுவுரம் 6 கன அடி. 70 குழிக்கு 420 கன அடி, அதாவது 4.2 யூனிட் எரு வேண்டும். விலை ஊருக்கு ஊர் மாறும். யூனிட் 3,000 ரூபாய் என்று வைத்தால் 12,600 ரூபாய். உரச்செலவில் பெரிய தொகை இதுதான், பலர் முதலில் குறைக்கிற தொகையும் இதுதான்.

குறைக்கவே கூடாத இடம் இது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. நாற்றின் பழைய வேர்களை அறுத்துவிட்டுத்தான் நடுகிறோம். தூரிலிருந்து புது வேர் கிளம்பி வர வேண்டும். அதற்கு இளகிய மண்ணும் ஈரமும் காற்றோட்டமும் வேண்டும். மூன்றையும் தருவது எருதான். நன்றாக மக்கிய எருவைப் பிடித்துப் பார்த்தால் கையில் ஒட்டாமல் உதிரும், சாண வாடை அடிக்காது. மக்காத சாணத்தைக் கொட்டினால் குழிக்குள் சூடு ஏறும். காண்டாமிருக வண்டும் அதில் முட்டையிடும்.

முதல் 3 மாதத்துக்கு ரசாயன உரமே வேண்டாம். அதுவரை பிள்ளைக்குத் தேங்காய்ப் பருப்பிலிருந்தும் ஊட்டம் கிடைக்கிறது. அதன் பிறகும் முதல் வருடத்துக்கு, வளர்ந்த மரத்துக்கான அளவில் கால் பங்குதான். வளர்ந்த மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுவுரம் 50 கிலோ. கால் பங்கு என்றால் யூரியா 325 கிராம், சூப்பர் 500, பொட்டாஷ் 500, எரு 12.5 கிலோ. இதையும் ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி என்று பிரித்துப் போட வேண்டும். ஒரு தடவைக்கு யூரியா சுமார் 160 கிராம். 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். தூரிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணைக் கொத்திவிட்டு, உடனே தண்ணீர் கட்ட வேண்டும். மணிச்சத்து மண்ணில் நகராது, அதனால் சூப்பரை மேலே தூவி விடாமல் மண்ணோடு கலந்துவிட வேண்டும்.

70 பிள்ளைக்கு யூரியா மொத்தம் 22.75 கிலோ. 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய், அரை மூட்டைக்குச் சுமார் 135 ரூபாய்தான் ஆகிறது. ஆபத்தே இந்த மலிவில்தான் இருக்கிறது. முழு அளவைப் போட்டால்கூடக் கூடுதல் செலவு சுமார் 400 ரூபாய் என்பதால் மூட்டையைத் தாராளமாக அவிழ்த்துவிடுகிறார்கள். உப்புச் செறிவும் அம்மோனியாவும் இளம் வேர்நுனியைக் கருக்கிவிடும். மேலே ஓலை பச்சையாக இருப்பதால் வெளியே தெரிய நாளாகும்.

நுண்ணுயிர் உரத்தில் பிள்ளைக்கு அசோஸ்பைரில்லம் 50 கிராம், பாஸ்போபாக்டீரியா 50 கிராம், வேம் 50 கிராம், 6 மாதத்துக்கு ஒருமுறை எருவோடு கலந்து இட வேண்டும். ரசாயன உரத்தோடு சேர்க்கவே கூடாது.

கோடையில் 4 நாளைக்கு ஒருமுறை பிள்ளைக்கு 45 லிட்டர் தண்ணீர், ஏக்கருக்கு 3,150 லிட்டர். கழுத்தை மண் மூடாமல் அவ்வப்போது ஒதுக்கிவிடுங்கள். வருடா வருடம் எரு வைக்கும் முன் குழியை அகலப்படுத்துங்கள்.

கையில் பணம் போதவில்லை என்றால் இந்த வருடம் 50 குழி மட்டும் போடுங்கள். எரு 3 யூனிட், 9,000 ரூபாயில் முடியும். மீதி 20 குழியை அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம். குழிக்கு 6 கன அடி எருவில் மட்டும் கை வைக்காதீர்கள்.