கையால் செய்யும் பாஸ் கிதார்: கம்ப்யூட்டர் எங்கே உதவும்?

கம்ப்யூட்டர் இதழில் கிதாருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? முதலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். அதில் ஜெனரேட் மெனுவில் டோன் என்பதை க்ளிக் செய்யவும். ஃப்ரீக்வென்சி என்ற கட்டத்தில் 41.2 என்று டைப் செய்து ஓகே கொடுத்து, உருவாகும் ஒலியை பிளே செய்யவும். லேப்டாப் ஸ்பீக்கரிலும், மானிட்டர் பக்கத்தில் வைக்கும் சிறிய ஸ்பீக்கரிலும் அநேகமாக எதுவுமே கேட்காது. (கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஸ்பீக்கர் பழுதாகிவிடும்.) இப்போது நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். அடித்தொண்டையில் முனகுவது போல ஓர் ஒலி வரும்.

நான்கு தந்தி பாஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி எழுப்பும் சுரம் இதுதான். நொடிக்கு சுமார் 41 அதிர்வுகள். இளையராஜா பாடல்களில் பாடகரின் குரலுக்கு அடியில் தனியாக ஒரு வழி பிடித்து நடந்துகொண்டே இருக்குமே, அந்தக் கருவி.

அப்படியானால் லேப்டாப்பில் பாட்டு கேட்கும்போது பாஸ் காதில் விழுகிறதே, எப்படி? தந்தி ஒரே ஒரு ஒலியை எழுப்புவதில்லை. 41.2-ன் இரு மடங்கு, மும்மடங்கு என்று சுமார் 82, 124, 165 அதிர்வுகளிலும் சேர்ந்தே ஒலிக்கிறது. அவற்றில் மேலே உள்ளவற்றைச் சிறிய ஸ்பீக்கர் தருகிறது. கீழே விடுபட்டதை நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்யும் பாஸ் கிதார் ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர்கள். அதை லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்ட ஒலி மாதிரியை நம்பி ஆர்டர் செய்பவர், கருவியில் பாதியைத் தன் மூளையின் ஊகத்திலிருந்து வாங்குகிறார்!

தொழிற்சாலை செய்யாததைக் கேட்டவர்

தொழிற்சாலையில் பெருமளவில் தயாராகி வெற்றி பெற்ற முதல் பாஸ் கிதார் 1951-ல் வந்தது. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டு வந்த அந்தக் கருவிக்கு பிரிசிஷன் பாஸ் என்று பெயர். ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸில் மெட்டுகள் கிடையாது, விரலை எங்கே வைப்பது என்பது வாசிப்பவரின் காதைப் பொறுத்தது. ஃபெண்டர் கிதாரில் இருப்பது போல மெட்டுகளை வைத்துவிட்டதால் சுரம் துல்லியமாக விழுந்தது. பெயருக்குக் காரணம் அதுதான். தந்தியின் நீளம் 34 அங்குலம். நான்கு தந்திகள். பிறகு வந்த பெரும்பாலான பாஸ் கிதார்கள் இந்த அளவையே பின்பற்றின.

நியூயார்க்கைச் சேர்ந்த ஆன்டனி ஜாக்சன் என்ற பாஸ் கலைஞருக்கு ஒரு சந்தேகம். கிதாருக்கு ஆறு தந்தி இருக்கும்போது அதன் தாழ்ந்த குரல் கொண்ட உறவுக்கு மட்டும் ஏன் நான்கு? கடையில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. நியூயார்க்கில் தனியாகக் கருவிகள் செய்துவந்த கார்ல் தாம்ப்சனிடம் போனார். இப்படிப்பட்ட கைவினைஞர்களை லூதியர் என்பார்கள். லூட் என்ற பழைய தந்திக் கருவியின் பெயரிலிருந்து வந்த சொல். 1975-ல் தாம்ப்சன் ஆறு தந்தி பாஸைச் செய்து கொடுத்தார்.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. தந்திகள் மிக நெருக்கமாக இருந்தன, வாசிக்கச் சிரமம். அதற்கு முன்மாதிரி எதுவும் இல்லையே! ஜாக்சன் அடுத்து கென் ஸ்மித் என்ற லூதியரிடம் போனார். பின்னாளில் ப்ரூக்ளினில் 1983-ல் தொடங்கிய ஃபொடேரா பட்டறையில் அவருக்காகச் செய்த கருவிகளில் தந்தியின் நீளமே 36 அங்குலமானது. மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 31 அதிர்வுகள் மட்டுமே கொண்டது. நீளம் குறைந்தால் அது தொய்ந்து போகும். அதனால் இரண்டு அங்குலம் கூட்டினார்கள். கேட்க எளிது. ஆனால் தந்தியின் நீளம் மாறினால் ஒவ்வொரு மெட்டும் இடம் மாற வேண்டும். இங்கேதான் நம் கம்ப்யூட்டர் வருகிறது.

நீங்களே கணக்கிடலாம்

எக்ஸெல் இருந்தால் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் நெடுவரிசையில் 1 முதல் 24 வரை எண்களை மேலிருந்து கீழாக இடவும். 1-க்குப் பக்கத்து செல்லில் =34-34/2^( என்று டைப் செய்து, 1 உள்ள செல்லை மவுஸால் க்ளிக் செய்து, தொடர்ந்து /12) என்று டைப் செய்து என்டர் தட்டவும். (^ குறி, ஷிஃப்ட் கீயுடன் 6-ஐ அழுத்தினால் கிடைக்கும்.) விடை 1.908 என்று வரும். அதாவது கழுத்தின் முனையில் தந்தி தாங்கி நிற்கும் நட் என்ற துண்டிலிருந்து முதல் மெட்டு 1.908 அங்குலத்தில், ஏறத்தாழ நாலே முக்கால் சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இனி அந்த செல்லின் வலது கீழ் மூலையை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் 24 மெட்டுகளும் தயார். 12-ஆவது மெட்டு சரியாக 17, தந்தியின் நடுப்புள்ளி. அங்கே அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். 34 வரும் இரண்டு இடத்திலும் 36 என்று மாற்றினால் ஜாக்சனின் கருவி!

ஃபார்முலாவில் நடப்பது இதுதான். ஒரு ஸ்தாயியில் 12 படிகள். 12 படி ஏறும்போது அதிர்வு இரு மடங்காக வேண்டும். அதற்காக ஒவ்வொரு படியிலும் தந்தியின் நீளத்தை ஒரே விகிதத்தில் குறைக்கிறோம். அதனால்தான் முதல் இரண்டு மெட்டுகள் விலகி நிற்கின்றன, கீழே போகப் போக நெருங்குகின்றன. 34 அங்குல பாஸில் 19-க்கும் 20-க்கும் இடையே 16 மில்லிமீட்டர்தான்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? மீதமுள்ள நீளத்தை 18-ஆல் வகுத்து ஒரு பங்கைத் தள்ளி மெட்டு வைத்தார்கள். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி 1581-ல் வெளியிட்ட நூலில் லூட் கருவிக்கு இந்த விகிதத்தைத்தான் சொன்னார். வேறொரு செல்லில் =34-34*(17/18)^12 என்று கொடுத்துப் பாருங்கள். 17 வர வேண்டிய இடத்தில் 16.876 வரும். 3 மில்லிமீட்டர் பிழை. தந்தியை அழுத்தும்போது இழுவிசை கூடிச் சுரம் சற்று ஏறும் என்பதால், அந்தக் காலத்தில் ஒரு பிழையை இன்னொன்று கொஞ்சம் ஈடு செய்தது.

நம் வீணையிலும் 24 மெட்டுகள் உண்டு. ஆனால் அவற்றை மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு இடம் பார்ப்பார்கள். தவறினால் மெழுகை இளக்கி மறுபடி வைக்கலாம். கிதாரில் அந்த வசதி இல்லை. மரத்தில் ரம்பத்தால் கீறிவிட்டு உலோகத்தை அடித்து இறக்குவார்கள். கீறியது கீறியதுதான்.

மெஷினும் கையும்

கீறுவதற்கும் இன்று கம்ப்யூட்டர் உண்டு. சிஎன்சி என்ற மெஷின் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைப் பார்த்து மரத்தைக் குடைகிறது. தனியாகத் தொழில் செய்யும் லூதியர்கள் பலரும் இதை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் உருவான ப்ளெக் என்ற மெஷின் இன்னும் ஒரு படி மேலே. தந்தி பூட்டிய நிலையிலேயே மெட்டுகளின் உயரத்தை அளந்து, எங்கே எவ்வளவு மேடு என்று திரையில் காட்டிவிட்டு, தானே தேய்த்தும் கொடுக்கும். அப்படியானால் கையால் செய்தது என்று எதைச் சொல்வது? மெஷின் தொட்டாலே ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. எதை மெஷினும் எதைக் கையும் செய்தது என்று லூதியரிடமே கேட்டுவிடலாம்.

கைக்கு மிச்சமிருக்கும் வேலை மரத்தைப் பற்றியது. நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70, 80 கிலோ இழுவிசையில் கழுத்தை வளைக்கப் பார்க்கின்றன. எதிர்ப்பக்கம் இழுக்க உள்ளே ஒரு எஃகுக் கம்பி உண்டு. அப்படியும் ஈரம் காயாத மரமாக இருந்தால் சில மாதங்களில் முறுக்கிக்கொள்ளும். கம்பியால் வளைவை நிமிர்த்தலாம், முறுக்கை நிமிர்த்த முடியாது. எந்தப் பலகையைக் கழுத்துக்கு எடுப்பது, எதைத் தள்ளுவது என்பதை எக்ஸெல் சொல்லாது.

மெட்டுகள் பதிக்கும் பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. 2017-ல் இந்த இன மரங்களின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது, செய்து முடித்த கிதாரை எல்லை தாண்டி அனுப்பவே அனுமதிச் சான்று தேவைப்பட்டது. சிறு பட்டறைகளுக்குப் பெரிய தலைவலி. முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கிடைத்தது.

உங்களிடமோ நண்பரிடமோ பாஸ் கிதார் இருந்தால், அதைக் கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட்டில் நேரடியாகச் சொருகாதீர்கள். அந்த சாக்கெட் கிதாருக்கானது அல்ல, ஒலி மந்தமாகிவிடும். யுஎஸ்பியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கும்போது, இன்ஸ்ட்ரூமென்ட் என்று குறித்த இன்புட் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். அடாசிட்டியில் மோனோவாக, 44100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதிவு செய்து வேவ் ஃபைலாக சேமித்தால் ஒரு நிமிடத்துக்கு சுமார் 5 எம்பி இடம் பிடிக்கும். பிறகு அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் கொடுங்கள். உங்கள் ஸ்பீக்கர் காட்டாமல் விட்ட அந்த 41, திரையில் ஒரு சிகரமாகத் தெரியும்.